ஆச்சி எனக்குக் கற்பித்த பாடம்

செவ்வாய்க்கிழமை மாலைகளில் நான் எங்கே போகிறேன் என்று என்னோடு கடையில் வேலை செய்யும் நண்பர்கள் பலமுறை கேட்டுவிட்டார்கள். "பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில், பேரப்பிள்ளை காணும் காலத்தில், இவனுக்கு என்ன படிப்பு? கணக்கியலோ கணினியோ படித்தாலாவது சம்பளம் கூடும் என்று சமாதானம் கொள்ளலாம். கிழவன் கிழவிகளின் கதைகளைக் கேட்பதற்கும் ஒரு வகுப்பா? இதுவே அவர்களின் வியப்பு. அந்த வியப்புக்கு மறுமொழி கூறும் முயற்சியே இவ்வாரப் பத்தி.

பகல் முழுவதும் உழைத்துவிட்டு மாலையில் புத்தகத்தைத் தூக்குவது நாம் வாழும் இந்தப் பிரித்தானிய மண்ணில் புதிய வழக்கமன்று. இலண்டனில் இன்று பேர்க்பெக் என்று அழைக்கப்படும் கல்வி நிலையம், கைவினைத் தொழிலாளருக்காக 1823 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. தொழிலாளர் கல்விச் சங்கம் 1903 ஆம் ஆண்டில் தோன்றியது. நெசவாளரும் சுரங்கத் தொழிலாளரும் களைத்த கண்களோடு அமர்ந்து படித்த மரபு இது. அந்த மரபின் கடைசி வாங்கில், பெற்றோல் நிலையத்து இரவு வேலைக்குப் போகுமுன் ஓர் ஈழத்தமிழனும் குந்தியிருக்கிறான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நான் படிப்பது இரண்டு இயல்கள் கலந்த ஒரு பகுதிநேரப் பாடநெறி. ஒன்று வாய்மொழி வரலாறு. மற்றது நாட்டார் வழக்காற்றியல். இரண்டாவதற்கு ஆங்கிலேயர் இட்ட 'ஃபோக்லோர்' என்ற பெயரை 1846 ஆம் ஆண்டில் வில்லியம் தோம்ஸ் என்பவர் ஆக்கினார். அதற்கெனத் தனியான சங்கம் 1878 இல் இலண்டனில் அமைந்தது. வாய்மொழி வரலாற்றுச் சங்கம் பிந்தியது. அது 1973 இல் உருவானது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் வாழ்க்கையிலிருந்தே சொல்லலாம். 1995 ஒக்டோபர் இறுதியில், அந்தப் பெருமழை இரவில், ஒரு தாய் தன் பிள்ளைகளுடன் நாவற்குழிப் பாலத்தை எவ்வாறு கடந்தாள் என்று அவள் சொல்வது வாய்மொழி வரலாறு. கடக்கும்போது அவள் எந்தத் தெய்வத்துக்கு நேர்த்தி வைத்தாள், அழுத குழந்தைக்கு எந்தத் தாலாட்டைப் பாடினாள், பல்லி சொன்னதற்கு என்ன பலன் கண்டாள் என்பன நாட்டார் வழக்காறு. முன்னது ஒருத்திக்கு நிகழ்ந்தது. பின்னது அவளுக்கு முன் வாழ்ந்த பலரிடமிருந்து அவள் கைக்கு வந்தது. இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன.

காது கேளாதவர் கற்பித்த கேள்விக்கலை

இந்த நாட்டில் வாய்மொழி வரலாற்றுக்கு வழிவகுத்தவர்களுள் முதல்வராக மதிக்கப்படுபவர் ஜோர்ஜ் எவாட் எவன்ஸ். வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமொன்றில் 1909 இல் பிறந்தவர். மனைவிக்குப் பள்ளி ஆசிரியையாக வேலை கிடைத்தமையால், 1940களின் பிற்பகுதியில் சஃபோக் மாவட்டத்தின் பிளாக்சோல் என்னும் சிற்றூரில் குடியேறினார். அவருக்குச் செவிப்புலன் குறைந்திருந்தது. அத்தகைய மனிதர்தான் அயலிலிருந்த வயோதிபரின் பக்கத்தில் அமர்ந்து, குதிரை கொண்டு உழுத காலத்தையும் கையால் புல் அறுத்த காலத்தையும் பொறுமையோடு கேட்டு எழுதினார். 1956 இல் அவருடைய நூல் வெளிவந்தது. தன் அயலவர்களைப் பழங்காலத்தின் நடமாடும் நூல்களாக அவர் கண்டார். அவர் பல்கலைக்கழகக் கதிரையில் இருந்து அந்த நூலை எழுதவில்லை. பக்கத்து வீட்டு அடுப்பங்கரையே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று.

இதனை வகுப்பில் கேட்டபோது என் மனத்தில் ஒரு துணிவு பிறந்தது. எங்கள் மாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரரே எண்பது கடந்த ஓர் ஆச்சிதான். வலிகாமத்துக் கிராமமொன்றைச் சேர்ந்தவர். மகனோடு இருக்கிறார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் யன்னலோரத்தில் அமர்ந்து பேருந்துகளை எண்ணுவதே அவர் பொழுதுபோக்கு. வகுப்பில் தந்த முதற் பயிற்சி, வயோதிபர் ஒருவரை ஒரு மணித்தியாலம் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்வது. நான் ஆச்சியின் கதவைத் தட்டினேன்.

கைத்தொலைபேசியை மேசையில் வைத்ததும் ஆச்சி கேட்ட முதற் கேள்வி இது: "தம்பி, உதைக் கொண்டுபோய் ஆருக்குக் குடுக்கப் போறீர்?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. நம்மவர் ஒவ்வொருவருக்குள்ளும் அது இருக்கிறது. ஊரில் பெயரைக் கேட்டு எழுதியவர்கள் இருந்தார்கள். இங்கு வந்தபின் கதையைக் கேட்டு எழுதியவர்கள் இருந்தார்கள். சொன்னது எழுத்தாகி, அந்த எழுத்தே நம் கழுத்தைச் சுற்றிய அனுபவம் நம் மத்தியில் எத்தனை பேருக்கு உண்டு! ஆகையால், பதிவு ஆச்சிக்கே சொந்தம், அவர் விரும்பினால் அழிக்கலாம், அவர் சம்மதமின்றி எவருக்கும் போகாது என்று சொல்லி, அதைத் தமிழில் எழுதி வாசித்தும் காட்டினேன். அதன் பின்பே அவர் பேச ஒருப்பட்டார்.

நான் விட்ட பிழை

இடப்பெயர்வைப் பற்றிக் கேட்டேன். ஆச்சி தொடங்கினார்: "பொங்கலோடைதான் தம்பி நாங்கள் வெளிக்கிட்டது. சரியான மழை. சனமெண்டால் சனம்..."

வாசகர்களே, நான் படித்தவன் அல்லவா? என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆச்சி, அது ஐப்பசி மாதமெல்லோ? ஒக்டோபர் முப்பதாந் திகதி. பொங்கலுக்கு மழையும் இல்லையே" என்றேன்.

ஆச்சி சற்று நேரம் என்னைப் பார்த்தார். "ஓம், நீங்கள் படிச்சனீங்கள். உங்களுக்குத்தானே தெரியும்" என்றார். அதுவரை என்னை 'நீர்' என்று உரிமையோடு அழைத்தவர் 'நீங்கள்' என்று மாறிவிட்டார். அதன் பின் கேட்டவற்றுக்கெல்லாம் "ஓம்", "இல்லை", "ஞாபகமில்லை" என்பனவே மறுமொழி. தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த செவ்வாயன்று அந்தப் பதிவை வகுப்பில் போட்டுக் காட்டினேன். எங்கள் ஆசிரியைக்கு ஒரு சொல் தமிழும் தெரியாது. ஆனால் அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "இங்கே என்ன நடந்தது? அவருடைய குரல் மாறிவிட்டதே" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கண்டிக்கவில்லை. இத்தாலி நாட்டுக் கதையொன்றைச் சொன்னார்.

தெர்னி என்பது மத்திய இத்தாலியின் உருக்குத் தொழில் நகரம். 1949 மார்ச் 17 ஆம் திகதி, நேட்டோ அமைப்பில் இத்தாலி சேர்வதை எதிர்த்துத் தொழிலாளர் ஊர்வலம் சென்றனர். பொலிசாருடன் ஏற்பட்ட மோதலில் லுயிஜி திராஸ்துல்லி என்ற 21 வயது இளைஞர் கொல்லப்பட்டார். பல ஆண்டுகளின் பின் அலெசாந்திரோ போர்தெல்லி என்ற ஆய்வாளர் அந்நகர மக்களிடம் இதைப்பற்றிக் கேட்டபோது, அவர்களிற் பலர் அந்த இளைஞர் 1953 இல் இறந்ததாகச் சொன்னார்கள். 1953 என்பது, உருக்காலையிலிருந்து ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரேயடியாக வேலைநீக்கம் செய்யப்பட்டு, நகர மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய ஆண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரியாக மறதி வந்துவிட்டதா? இல்லை. சில நிமிடங்களில் முடிந்துபோன ஒரு மோதலில் ஓர் இளைஞர் வீணாக மாண்டார் என்பதை அந்நகரின் மனம் ஏற்க மறுத்தது. ஆகவே தங்கள் வாழ்வையே உலுக்கிய பெரும் போராட்டத்தோடு அந்த மரணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டது. திகதி பிழை, ஆனால் அந்தப் பிழைக்குள் ஓர் உண்மை இருந்தது. பிழையைத் திருத்திவிட்டுப் போகிறவன் அந்த உண்மையைத் தவறவிடுவான். போர்தெல்லி எங்களுக்குக் கற்பித்தது இதுவே.

அன்றிரவு வேலையில் எனக்கு மனம் பொருந்தவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் அகதி விண்ணப்பம் முதன்முறை நிராகரிக்கப்பட்டபோது, கடிதத்திற் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று என் நினைவுக்கு வந்தது. ஒரே சம்பவத்துக்கு நான் இரண்டு இடங்களில் இரண்டு திகதிகளைச் சொல்லியிருந்தேனாம். ஆகவே என் கதை நம்பத்தக்கதன்றாம். அந்தத் திகதிகளுக்கு இடையில் நான் என்னென்ன பட்டேன் என்று கேட்க அங்கு எவரும் இருக்கவில்லை. அன்று மேசையின் மறுபுறத்தில் அமர்ந்திருந்தவர் எனக்குச் செய்ததை, இன்று நான் ஆச்சிக்குச் செய்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த எண்ணம் என்னை மிகவும் வாட்டியது.

வரலாறு எழுதுபவனுக்குத் திகதி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. திகதியைப் பத்திரிகையிலும் பதிவேட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். பதிவேட்டில் இல்லாததைத் தேடித்தானே ஆச்சியிடம் போகிறோம்!

மீண்டும் ஆச்சி வீட்டில்

இரண்டு கிழமைகள் கழித்துக் கொஞ்சம் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்டேன். "ஆச்சி, அந்தப் பொங்கலைப்பற்றிச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சுவர்க் கடிகாரம் அடிக்கும் ஒலி மட்டும் பதிவாகிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து ஆச்சி பேசினார்.

"ஐப்பசியிலை வெளிக்கிட்டது எனக்குத் தெரியாதே தம்பி? ஆனால் அது மழைக்கு ஒதுங்கினமாதிரி. நாலு நாளிலை திரும்பிவருவம் எண்டுதானே வந்தனாங்கள். வீட்டுத் திறப்பு என்ரை இடுப்பிலை கிடந்தது. மாட்டுக்கும் தண்ணி வைச்சுப்போட்டு வந்தனான். தென்மராட்சியிலை ஒரு வீட்டு விறாந்தையிலை கிடந்தம். பிறகு பொங்கல் வந்தது. ஆற்றையோ முத்தத்திலை மூண்டு கல்லை வைச்சு உலையேத்தேக்கைதான், நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டுட்டன் எண்டு எனக்கு விளங்கினது."

ஆச்சியின் கணக்கில் அவர் வீட்டை விட்டு வெளியேறிய நாள் 1996 தைப்பொங்கல். பாலம் கடந்த திகதியை எந்தப் புத்தகமும் சொல்லும். அந்தப் பொங்கலன்று ஆச்சிக்கு விளங்கியதைச் சொல்வதற்கு ஆச்சி ஒருவர்தான் இருக்கிறார். அவரும் எத்தனை நாளைக்கு? இப்போதே மகனின் பெயரைச் சொல்லி இறந்துபோன தம்பியை அழைக்கிறார்.

அன்று நாட்டார் வழக்காற்றியலிலும் எனக்கொரு பாடம் கிடைத்தது. ஊரில் ஆச்சி ஒப்பாரி சொல்வதில் பேர்பெற்றவர் என்று மகன் சொல்லியிருந்தார். ஒன்றைச் சொல்லிக் காட்டும்படி கேட்டேன். ஆச்சி பதறிப்போனார். "செத்தவீடில்லாமல் ஒப்பாரி சொல்லப்படாது தம்பி. நல்லாயிருக்கிற வீட்டுக்குத் தரித்திரம்" என்றார். நாட்டார் பாடல் எந்த நேரத்திலும் எடுத்துப் போடக்கூடிய ஒலிநாடா அன்று. அதற்கு இடமுண்டு, காலமுண்டு, சொல்லக்கூடியவர் சொல்லக்கூடாதவர் என்ற முறையுண்டு. ஏர்ப்பாட்டு வயலோடும், அம்பாப் பாட்டு கரைவலையோடும், பொலிப்பாட்டு சூடு மிதிக்கும் களத்தோடும் கூடி வாழ்பவை. நான் வற்புறுத்தவில்லை. சற்றுப் பொறுத்து ஆச்சியே சொன்னார்: "என்ரை செத்தவீட்டிலை ஆர் தம்பி சொல்லப்போகினம்? இஞ்சை ஆருக்குத் தெரியும்?" அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. பதிவில் அந்த மௌனமும் இருக்கிறது.

அயர்லாந்துப் பிள்ளைகள் செய்தது

நம் நிலைமைக்கு நெருக்கமான ஒரு நாட்டின் கதையை இங்கே சொல்லவேண்டும். பஞ்சத்தாலும் குடிபெயர்வாலும் மக்களை இழந்து, தன் மொழியையும் பெரிதளவில் இழந்த நாடு அயர்லாந்து. அங்கு 1935 இல் நாட்டார் வழக்காற்று ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. 1937 முதல் 1939 வரை, ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பாடசாலைகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடமும் அயலிலுள்ள முதியவர்களிடமும் பழங்கதை, மருந்து, விளையாட்டு, ஊர்ப்பெயர், பஞ்சகாலத்து நினைவு ஆகியவற்றைக் கேட்டு அப்பியாசக் கொப்பியில் எழுதி வருவதே அந்த வேலை. 50,000க்கும் அதிகமான பிள்ளைகள் எழுதினார்கள். இலட்சக்கணக்கான பக்கங்கள் சேர்ந்தன. அந்த ஆணைக்குழுவின் சேகரிப்பு முழுவதையும் 2017 இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அதே ஆணைக்குழுவின் பணியில் வருந்தத்தக்க ஒன்றும் உண்டு. அதன் சேகரிப்பாளர்கள் மெழுகு உருளைகளில் குரல்களைப் பதிந்தார்கள். காசு போதாமையால், எழுத்தாக்கிய பின் அந்த உருளைகளைச் சீவி மறுபடியும் பயன்படுத்தினார்கள். சொற்கள் எஞ்சின, பெரும்பாலான குரல்கள் போய்விட்டன.

நாமும் அதையே செய்யவில்லையா? தொலைபேசி இல்லாத அந்த நாட்களில் ஊரிலிருந்து அம்மா கசெற்றில் பேசி அனுப்புவார். "தம்பி, சுகமாயிருக்கிறியே" என்று தொடங்கும் அந்தக் குரலைக் கேட்டு அழுதோம். பின்பு அதே கசெற்றின் மேல் சினிமாப் பாட்டைப் பதிந்தோம். எஞ்சியவை அலுமாரியின் அடியிற் கிடந்து பூஞ்சணம் பிடிக்கின்றன. பழைய ஒலிநாடாக்களைக் காப்பாற்ற ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளே உள்ளன என்று பிரித்தானிய நூலகம் 2015 இல் எச்சரித்தது. அந்தக் கணக்கில் பெரும்பகுதி இப்போது கழிந்துவிட்டது.

நம்மிடம் வழிகாட்டிகள் இல்லாமலில்லை. மட்டக்களப்பு மண்ணின் வழக்காறுகளை வி. சீ. கந்தையா 1964 இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலில் எழுதிவைத்தார். மு. இராமலிங்கம் ஊரூராகச் சென்று நாட்டார் பாடல்களைத் திரட்டினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கூத்தைக் கொண்டுவந்தார். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணத் திட்டம் எஞ்சிய ஏடுகளையும் இதழ்களையும் இன்று இணையத்தில் சேர்த்து வருகிறது. ஏட்டில் இருந்தது எரிந்தால் வேறு பிரதியைத் தேடலாம். ஆச்சியின் வாயில் இருப்பதற்குப் பிரதி ஏது?

வாசகர்களுக்கு ஒரு வீட்டுவேலை

இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. நான் படித்ததையும் பட்டதையும் கொண்டு சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் சம்மதம் பெறுங்கள். பதிவு யாருக்குச் சொந்தம், யார் கேட்கலாம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வெளிவருவது ஊரிலுள்ள உறவினருக்கு ஆபத்தாகுமென்றால் பெயரை மறையுங்கள். குசினியிற் பேசுவதானால் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலுக்கு விலகி அமருங்கள். "கஷ்டப்பட்டீங்களோ?" என்று கேட்டால் "ஓம்" என்பதோடு முடிந்துவிடும், "அந்த நாள் விடிஞ்சதிலிருந்து சொல்லுங்கோ" என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் நீங்கள் தொடங்காதீர்கள். அழுதால் பதிவை நிறுத்தலாமா என்று கேளுங்கள். சொல்ல விரும்பாததைத் துருவாதீர்கள். நல்லகாலத்தையும் கேளுங்கள்: அவர்கள் விளையாடிய கிளித்தட்டு, அவிழ்த்த நொடிகள், காய்ச்சிய கூழ். நம் முதியோர் யாவரும் போரால் மட்டும் ஆனவர்கள் அல்லர்.

எழுத்தாக்கும்போது ஆச்சியின் பேச்சைச் செந்தமிழாகத் திருத்தாதீர்கள். ஒரு மணித்தியாலப் பேச்சை எழுத எனக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. அதற்குப் பயந்து விட்டுவிட வேண்டாம், குரல் இருந்தாற் போதும். பேசியவர் யார், எந்த ஊர், பதிந்த திகதி எது என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பிரதிகளை மூன்று வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளை நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளுக்கு 'எனது பசு' என்று கட்டுரை எழுதக் கொடுத்தது போதும். "உன் அம்மம்மாவிடம் ஒரு கதை கேட்டு எழுதி வா" என்று சொல்லுங்கள். மன்னாரும் மட்டக்களப்பும் வன்னியும் திருகோணமலையும் மலையகமும் அந்தக் கொப்பிகளில் வந்து சேரட்டும். தமிழ் பேசத் தயங்கும் பிள்ளைக்கும் பேசத் துணையில்லாத அம்மம்மாவுக்கும் ஒரு மணித்தியாலமாவது பொருள் கிடைக்கும்.

என் பாடநெறி வைகாசியில் முடிகிறது. சான்றிதழ் கிடைக்குமோ தெரியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை தவிர ஞாயிற்றுக்கிழமையும் இப்போது எனக்கு வகுப்புண்டு. சென்ற ஞாயிறு ஆச்சி தானாகவே தொலைபேசியை என் பக்கம் தள்ளி, "போடும் தம்பி, இண்டைக்குக் கிணறு வெட்டின கதை சொல்லுறன்" என்றார். மகனின் மகளும் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், வாசகர்களே? இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவரிடம் போய்க் கேளுங்கள்.